தூண் இல்லாத கூரை

மார்ச் 11, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். எண்ணூர்ப் பக்கம் புகை. வாங்க: பாப்பாவுக்கு ஸ்கூல் ஷூ, தக்காளி. கேஸ் புக் செய்யணும்.

திருவொற்றியூர் சைட். நவீனக் கலை அருங்காட்சியகத்தின் முன்கூரையைத் தற்காலிகமாகத் தாங்கும் முட்டுகளைக் கழற்றுவது நாளை மறுநாள். கடலைப் பார்த்து நீளும் கூரை, கீழே ஒரு தூண்கூடக் கிடையாது. ஸ்டீபனின் பிடிவாதம். ஆனால் வரைபடத்தில் ஆர்க்கிடெக்ட் என்ற இடத்தில் கையெழுத்து எங்கள் இருவருடையது. கல்யாணமாகி ஆபீஸ் போட்டபின் எங்கள் முதல் பெரிய கட்டடம்.

கான்கிரீட் போட்ட அன்று மழை வந்து, வேலை பாதியில் நின்று தொடர்ந்தது. முதலில் போட்டதும் பிறகு போட்டதும் ஒன்றாகப் பிடிக்காமல் போயிருக்கலாம். எஞ்சினியர் சோதித்து, பயமில்லை என்றுவிட்டார். பயம் எனக்குத்தான்.

மார்ச் 12, புதன்
சரியான தூக்கம் இல்லை. தண்டையார்பேட்டையில் பஸ் பிரேக் போட்ட சத்தத்துக்கே உடம்பு தூக்கிப்போட்டது.

கூரையின் அடியில் முடி மாதிரி ஒரு விரிசல். மேஸ்திரி தேவராஜிடம் காட்டினேன். மேற்பரப்பில் மட்டும்தான் என்றார். ஸ்டீபனும் அதையே சொன்னார். சொல்லிவிட்டு, சாப்பாட்டைத் தொடாமல் எழுந்துவிட்டார். வயிறு சரியில்லையாம்.

மார்ச் 13, வியாழன்
வெளி நுனியிலிருந்து ஒவ்வொரு முட்டாகக் கழற்றினார்கள். கடைசி வரிசைக்கு வந்தபோது ஸ்டீபன் நேராகக் கூரைக்கு அடியில் போய் நின்றார்.

"சார், வெளிய போ. உனக்கு இன்னா வேல இங்க?" தேவராஜ்.

"உன் ஆளுங்க நிக்கறாங்கல்ல. நானும் நிக்கிறேன்."

நான் வெளியிலேயே நின்றுவிட்டேன். மாதாவே, மாதாவே என்று மட்டும் உள்ளுக்குள். கடைசி முட்டு கழன்றதும் மேலே 'டக்' என்று ஒரு சத்தம். ஒருவரும் அசையவில்லை.

கூரை நின்றது. முட்டு எடுத்ததும் நுனி எதிர்பார்த்த அளவுதான் தாழ்ந்திருக்கிறது என்றார் எஞ்சினியர். யாரோ கைதட்டினார்கள். ஸ்டீபன் என்னைப் பார்க்காமல் முகம் கழுவப் போனார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஸ்டீபனோடு ராயபுரம் திரும்பினேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நீ உள்ள வராதது நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் போயிட்டா பாப்பாவுக்கு யாரு?"

அப்படியானால் கூரை விழும் என்றே அவருக்கும் தோன்றியிருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி
கடும் வெயில். தனியாக சைட்டுக்கு. மதியச் சாப்பாட்டு நேரம். ஆட்கள் எல்லாரும் அந்தக் கூரைக்கு அடியில்தான். சிலர் துண்டை விரித்துத் தூக்கம். யாரும் உள்ளே போகச் சொல்லவில்லை. நிழல் இருந்தது, உள்ளே போய்விட்டார்கள். அருங்காட்சியகம் திறந்தபிறகு பள்ளிக் குழந்தைகள் வரிசை நிற்கப் போவதும் அங்கேதான்.

சித்தாள் மேரி கூப்பிட்டாள். "இன்னாக்கா, வெய்யில்ல நின்னுகினு கீற? உள்ள வா, ஜில்லுனு கீது."

போனேன். நகர்ந்து இடம் விட்டாள். மேலே பார்க்கவில்லை. அவள் கொடுத்த கருவாட்டை வாயில் போட்டு மென்றுகொண்டே அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.