களிமண்ணில் வேறொரு கை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம். பட்டறையும் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. போனில் கேட்டால் ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கேன் என்று அதே பாட்டைப் பாடிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் பட்டறைச் செய்தி. ஓய்வுபெற்ற நீதிபதி மறுபடி வந்தார். அவருடைய தாத்தா வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியின் நேர்பிடியை எடுத்துவிட்டு, பிஸ்டலுக்கு இருப்பது போல வளைந்த பிடி வைத்துத் தரணுமாம். பார்க்க எடுப்பாக இருக்குமாம். இரண்டு விசை உள்ள துப்பாக்கி ஐயா, முன் விசையிலிருந்து பின் விசைக்குக் கை வழுக்கிக்கொண்டு போகணும், அதற்குத்தான் பிடியை நேராக விட்டிருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். தீர்ப்புச் சொல்லியே பழகிய மனுஷன், காதில் வாங்கினால்தானே! எடுப்பு வேண்டுமானால் மீசைக்குச் சாயம் அடித்துக்கொள்ளுங்கள், இந்தக் கட்டையில் நான் அரம் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி சிரித்துவிட்டு, எண்ணெய் போட்டுத் துடைக்க மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். துப்பாக்கி சுடும் பயிற்சி விடுதி மாடிப்படியில் விழுந்தேன், மணிக்கட்டில் லேசான சுளுக்குத்தான், சரியாகிவிட்டது என்று சொன்னாய். பிறகு பழைய பிடி கைக்கு ஒத்துவரவில்லை, தேர்வுப் போட்டிக்குள் புதுப் பிடி வேண்டும் என்றாய். நானும் எப்போதும் போலக் களிமண் அனுப்பி, துப்பாக்கியைப் பிடிக்கிற மாதிரியே அமுக்கித் திருப்பி அனுப்பச் சொன்னேன். வந்தது. ஐந்து விரலும் ஆழமாகப் பதிந்த அருமையான தடம். எனக்கு வாயெல்லாம் பல். உனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த வால்நட் கட்டையை எடுத்து அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன்.

பாதி செதுக்கியதும் என் கையை வைத்துப் பார்த்தேன். உனக்கும் எனக்கும் ஒரே அளவுக் கை, உன் பிடியெல்லாம் அப்படித்தானே சரிபார்ப்பேன். இது உட்காரவே இல்லை. விரல்கள் நீளம். கட்டைவிரல் வேறு பிடியைச் சுற்றி இறுக்கியிருக்கிறது. நீ என்றைக்குக் கட்டைவிரலைச் சுற்றினாய்? உன் பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தியும் விறைப்பாக நீட்டித்தானே வைப்பாய்.

அது உன் அறைத்தோழியின் கை என்று நினைக்கிறேன். களிமண்ணில் நகத்தடமே இல்லை, நகம் கடிக்கிற பெண் போல. அவள் மேல் எனக்குக் கோபமில்லை, நீ கெஞ்சியிருப்பாய். அந்தக் கட்டையை அவளுக்கே முடித்துக் கொடுக்கிறேன், அவளும் சுடுகிறவள்தானே. ஆனால் அடி பெண்ணே, துப்பாக்கிக் கட்டை செய்கிறவள் வயிற்றில் பிறந்துவிட்டு, இன்னொருத்தி கையை உன் கை என்று அனுப்பி வைக்கிறாயே! எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

உன் அப்பாவிடம் சொன்னேன். குழலைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். "அப்போ அவளால களிமண்ணைக்கூட அமுக்க முடியலையா?" என்று கேட்டார். அன்றைக்கு இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

தெரிந்தால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாய். நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா? ஆனால் இந்தக் கையை வைத்துக்கொண்டு போட்டியில் நின்றால் கையே போய்விடும். எலும்பு டாக்டரை நீ இன்னும் பார்க்கவில்லை என்றுதான் என் மனசு சொல்கிறது. இந்தக் கடிதம் கிடைத்ததும் போ. பிடியைப் பற்றிக் கவலையே படாதே. உள்ளங்கைக்கு மேடு வைக்கலாம், சுண்டுவிரல் தாங்க அடியில் தட்டு வைக்கலாம், கட்டைவிரல் நுழைய ஓட்டை போடலாம். மரத்தை நான் எப்படி வேண்டுமானாலும் செதுக்குவேன். உன் மணிக்கட்டை என்னால் செதுக்க முடியாதடி.

இந்தப் பார்சலில் புதுக் களிமண் வைத்திருக்கிறேன். உன் அப்பா எண்ணெய் விட்டுப் பிசைந்தது, வெண்ணெய் மாதிரி இருக்கும். உன் கையை வை. அமுங்குகிற மட்டும் அமுங்கட்டும். இரண்டு விரல்தான் பதிந்தால் இரண்டு விரலுக்குப் பிடி செய்கிறேன். ஒன்றுமே பதியவில்லையென்றால் வெறும் உருண்டையாகவே அனுப்பு, வெட்கப்படாதே. அதைப் பார்த்த அன்றே நாங்கள் பஸ் ஏறிவிடுவோம். ஒரு கையை வைத்துக்கொண்டு நீ எப்படித்தான் தலை பின்னிக்கொள்கிறாயோ.

என் கண்ணே, உன் கை நல்லபடி ஆகணும்.

உன்
அம்மா