நாலு ஞாயிறு, ஐந்து படம்

9 அக்டோபர் 1967, திங்கள்

வீடு இருக்கும் குட்லண்ட்ஸில் வெயில், பள்ளி இருக்கும் மோகாவில் தூறல். ஒரே தீவு, இரண்டு பஸ், இரண்டு பருவம். குடை மறுபடி வீட்டில். ஈரச் சட்டையோடு முதல் வகுப்பு.

சினிமாக் கொட்டகைக்காரர் சம்மதித்துவிட்டார். நாலு ஞாயிறு காலை, பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும். நிபந்தனை இரண்டு: நாற்காலி கிழியக் கூடாது; வேர்க்கடலைத் தோல் பொறுக்குவது எங்கள் வேலை.

பொருள்: விஞ்ஞானக் கற்பனைப் படங்கள். பார்த்தே ஆக வேண்டியவை எவை. யோசனை என்னுடையது. தலைமையாசிரியர் தோளைக் குலுக்கினார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டோம்.

தேர்வுக் குழு மூன்று பேர். நான். பிஸ்னு, கணக்கு வாத்தியார், எதற்கும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு கேட்பவன். மிரேய் வீரப்பென், பூகோளம். கத்தோலிக்கக் குடும்பம். பெயரில் மட்டும் தமிழ். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வீரமுள்ள அப்பன் என்று சொன்னபோது சிரித்தாள். "என் அப்பாவுக்குக் கரப்பான் பூச்சின்னாலே பயம்."

வாடகைக்குக் கிடைக்கிற படப்பெட்டிகளில் தேறியவை:

1. கடல் பின்வாங்கும் படம். அமெரிக்கா. தினமும் கொஞ்சம் கடல் உள்ளே போய்விடும். முன்பு பார்த்த அன்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "நல்லதாப் போச்சு, பக்கத்துத் தீவு ரெயூனியனுக்கு நடந்தே போயிடலாம்."
2. ஜப்பான் வண்டு. கோயில் கோபுரம் அளவு. ரயில் தின்னும். பிஸ்னு இதற்காக உயிரையும் விடுவான்.
3. நாளையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. பிரெஞ்சு. ஓர் அறை, ஒரு பெண், ஓயாமல் அடிக்கும் மணி. பிள்ளைகள் தூங்கலாம். தூங்கட்டும்.
4. வானொலிக்காரன். இங்கிலாந்து. பூமி குளிர்ந்துபோகிறது. கப்பல் கப்பலாக எல்லாரும் விண்ணுக்குப் போகிறார்கள். கடைசிக் கப்பலோடு பேசுவதற்காகக் கோபுரத்தில் ஒருவன் மட்டும் தங்கிவிடுகிறான். என் படம்.
5. புதுக் கிரகம். அமெரிக்கா. போனவர்கள் இறங்கி வீடு கட்டுகிற கதை. மிரேயின் படம்.

முதல் மூன்றில் சண்டை இல்லை. நாலாம் இடத்துக்கு நாலும் ஐந்தும் போட்டி.

பிஸ்னு ஆறாவதாக ஒன்று சேர்க்கச் சொன்னான்: சமூக மன்றத்துத் தொலைக்காட்சியில் சனிக்கிழமை வருகிற தொடர், நிலாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். அதைக் கொட்டகையில் எப்படிக் காட்டுவது என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால் வைப்போம் என்றான். "நிலாவுல கூட நம்ம தெருமுனை மாதிரி சீனர் கடை இருக்கும்னு காட்டின ஒரே படைப்பு அதுதான், தெரியுமா?"

11 அக்டோபர், புதன்

ஆசிரியர் அறை. டீ ஆறிப்போயிற்று. பாதிக் கட்டுரை நோட்டு இன்னும் திருத்தவில்லை.

மிரேய், இனி மி., நேராக ஆரம்பித்தாள். என் வானொலிக்காரன் படம் முழுக்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறானாம். அதைத் தியாகம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப் போகிறேனாம். இருப்பதும் ஒரு முடிவுதான் என்றேன்.

"இல்ல. முடிவு எடுக்காதவன் கடைசியில அங்கதான் உட்கார்ந்திருப்பான்."

அவள் படத்தை நான் குறை சொன்னேன். வேறு உலகத்துக்குப் போயும் அதே தெரு, அதே ஜன்னல் திரை, அதே ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவு தூரம் போனது எதற்கு? அதுதான் படமே என்றாள். போகிறவர்களுக்குக் கற்பனை இல்லை என்பது அங்கே போய்த்தான் தெரிகிறது.

நல்ல பதில். ஒப்புக்கொள்ளவில்லை.

என் துருப்புச் சீட்டு, கடைசிக் காட்சி. கப்பலின் குரல் தேய்கிறது, இரைச்சல் மட்டும், அவன் காதுக்கருவியோடு அப்படியே, திரை இருள்கிறது. அதுபோல ஒரு முடிவு எந்தப் படத்தில் உண்டு என்றேன்.

மி. கோப்பையைக் கீழே வைத்தாள். அந்தப் படத்திலேயே கிடையாது என்றாள். அவன் கருவியை அணைத்துவிட்டுப் படியிறங்கிப் போகிறான். அவள் ரோஸ் ஹில்லில் பார்த்தாள், பிரெஞ்சில். நான் மதராஸில் படிக்கும்போது, ஆங்கிலத்தில். இரண்டு முடிவு எப்படி? யாராவது எழுந்து போனால்தான் படம் முடிந்ததாகப் பிரெஞ்சுக்காரர்கள் நம்புவார்கள், அதனால் ஒட்டிவிட்டிருப்பார்கள் என்றான் பிஸ்னு.

மி. என்னையே பார்த்தாள். "நீ கடைசி வரைக்கும் இருந்து பார்த்தியா?"

என்ன கேள்வி.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் காது சூடு. இது படத்தைப் பற்றிய சண்டை இல்லை என்று தெரிகிற அளவுக்குப் படித்திருக்கிறேன். எதைப் பற்றி என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

14 அக்டோபர், சனி

புரட்டாசி கடைசிச் சனி. வாழையிலை, ஏழு கறி. அம்மா விடிகாலையிலிருந்து அடுப்படியில். வெல்லப் பாயசம் கொஞ்சம் அடிபிடித்தது. யாரும் சொல்லவில்லை.

அம்மாவிடம் ஜப்பான் வண்டைப் பற்றிச் சொன்னேன். மனிதர்களைத் தின்னுமா என்று கேட்டாள். ஓரிரண்டு பேரை. அப்படியானால் நல்ல வேளை விரதம் முடிந்த பிறகு காட்டுகிறீர்கள் என்றாள். வேடிக்கையாகச் சொன்னாளா, தெரியவில்லை.

எங்கள் வீட்டுப் பேச்சு, தீவில் எல்லாரையும் போல, கிரியோல். சாமிக்கும் உறவுமுறைக்கும் மட்டும் தமிழ். நான்தான் இந்த நாட்குறிப்பில் எல்லாரையும் தமிழ் பேச வைக்கிறேன். மதராஸ் மூன்று வருடத்தில் கிடைத்த ஒரே சொத்து, வீட்டில் யாராலும் வாசிக்க முடியாத எழுத்து.

மாலை போர்ட் லூயிஸிலிருந்து திரும்பும் பஸ். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சுதந்திரம் என்று முடிவான ஆகஸ்ட் தேர்தலிலிருந்து பஸ்ஸில் இதே பேச்சுதான், யார் நாட்டை விட்டுப் போகிறார்கள், யார் போகவில்லை.

"பேக்கரிக்காரர் வீட்ல எல்லாரும் பெர்த்துக்கு."

"சுங்க ஆபீஸ் வீரப்பெனுக்கும் ஆஸ்திரேலியா காகிதம் வந்தாச்சு. மோகாவுல இருக்காரே. ஆறு கதவு பீரோ இருக்கு அவங்க வீட்ல, கேட்டு வைக்கணும்."

"பொண்ணு டீச்சராச்சே?"

"அங்க டீச்சர் வேணாமா என்ன?"

என் நிறுத்தத்தில் இறங்காமல் அடுத்ததில் இறங்கினேன். கரும்பு வெட்டிய வயல் ஓரமாக நடந்து வந்தேன். செருப்பு வார் அறுந்தது.

17 அக்டோபர், செவ்வாய்

வாக்கெடுப்பு. பிஸ்னு யார் பக்கம் என்று அவனுக்கே தெரியாது. நான் எட்டுக் காரணம் தயார் செய்து போயிருந்தேன்.

ஒன்றும் தேவைப்படவில்லை. நான் வாயைத் திறக்குமுன் மி. சொன்னாள்: "அவனோட படத்தையே போடலாம்."

பிஸ்னு சிரிக்க மறந்தான்.

இவள் விட்டுக்கொடுப்பவள் இல்லை. போன வருடம் உலக வரைபடத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று ஒரு வாரம் தலைமையாசிரியரோடு மல்லுக்கு நின்றவள். இப்போது பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பக்கத்து அறைக்காரரின் கோப்பை உடைந்ததுபோல, அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஜெயித்தேன். வாயெல்லாம் சாக்பீஸ் தூள்.

நடைக்கூடத்தில் பிடித்துக் கேட்டேன், காகிதம் வந்தது நிஜமா. நிஜம். அப்பா, அம்மா, தம்பிகள் இரண்டு பேர், அவள். மெல்போர்ன். சுதந்திரம் வேண்டாம் என்ற அவர்கள் பக்கம் தேர்தலில் தோற்றதிலிருந்து அப்பாவுக்கு இரவில் தூக்கம் இல்லை. சுதந்திரம் வந்தால் முதலில் தன் வேலை போகும் என்று நம்புகிறார்.

"எனக்கு இருபத்தி மூணு வயசு. என் கையெழுத்தை நான்தான் போடணும். இன்னும் போடலை."

புதுக் கிரகம் உனக்குப் பிடித்த படமாயிற்றே என்றேன்.

"பார்க்கப் பிடிக்கும்."

பிறகு நின்றாள். சாக்பீஸ் தூசி படிந்த கையை மற்றக் கையால் தட்டினாள். முடித்துவிட்டும் நின்றாள். நான் ஏதாவது சொல்வதற்காக நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

படப்பெட்டி வெள்ளிக்கிழமை வரும் என்றேன்.

19 அக்டோபர், வியாழன்

பல்வலி. கிராம்பு.

வானொலிக்காரனை முதல் ஞாயிறே போட வேண்டும், அடுத்த வாரம் பெட்டி ரெயூனியன் போகிறது என்று படப்பெட்டி வாடகைக்காரர்கள் சொல்லியனுப்பினார்கள். பலகையில் எழுதிப் போட்டேன். மி. பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போனாள்.

போகாதே என்று ஏன் சொல்லவில்லை? காரணங்கள்: அம்மா. கோயில். சர்ச். அவள் அப்பா. என் சம்பளம். இந்த நாடு அடுத்த வருடம் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாதது. எல்லாம் நல்ல காரணங்கள். மொத்தமாகச் சேர்த்தால் ஒரு நாற்காலி ஆகிறது.

22 அக்டோபர், ஞாயிறு

வெயில். கொட்டகை நிறைந்துவிட்டது. சில பிள்ளைகள் வீட்டுக் குழந்தைகளையும் தூக்கி வந்தார்கள். மி. நீலக் கவுன், சர்ச் பூசையிலிருந்து நேராக. எனக்கு ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்தாள். நடுவில் அவள் கைப்பை.

இதே பிரதி இன்று போர்ட் லூயிஸிலும் ஓடுகிறது. அங்கே ஓடி முடிந்த சுருளை மோட்டார் சைக்கிளில் இங்கே கொண்டுவருவார்கள். எல்லாம் ஒழுங்காக வந்தது, கடைசிச் சுருள் தவிர. விளக்கைப் போட்டார்கள்.

பிள்ளைகளே முடிவு சொல்ல ஆரம்பித்தார்கள். கப்பல் திரும்பி வரும். இல்லை, அவன் குளிரில் செத்துப்போவான். ஒரு பெண், அவன் முதலில் போய் நல்லதாக ஒரு கம்பளி வாங்க வேண்டும் என்றாள். பிஸ்னு மேடைமேல் ஏறி, கடைசிச் சுருளில் வண்டு வருகிறது என்று அறிவித்தான். கைதட்டல்.

அந்தச் சத்தத்தில் மி. சொன்னாள்: வியாழக்கிழமை டாக்டர். போகிறவர்கள் எல்லாரையும் பார்ப்பார். அங்கேயே கையெழுத்து.

"ம்" என்றேன்.

"உனக்கு அந்த ஒரு எழுத்துதானா வரும்?"

மோட்டார் சைக்கிள் சத்தம். விளக்கு அணைந்தது.

கடைசிச் சுருள். குரல் தேய்கிறது. இரைச்சல். இதோ இருளப்போகிறது என்று காத்திருந்தேன். இருளவில்லை. அவன் காதுக்கருவியைக் கழற்றினான். விசையை அணைத்தான். கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினான், நிறையப் படி. தெருவெல்லாம் பனி. எல்லா வீடும் இருட்டு. ஒரு ஜன்னலில் மட்டும் வெளிச்சம். அவனைப் போலவே போகாமல் இருந்துவிட்ட வேறு யாரோ. போய்க் கதவைத் தட்டினான். உள்ளே காலடிச் சத்தம். முற்றும்.

ஆங்கிலப் பிரதி. ஒட்டு எதுவும் இல்லை.

நாற்காலியில் அப்படியே இருந்தேன். மெல்ல நினைவு வந்தது. மதராஸ் விடுதியில் கதவு சாத்தும் நேரம். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இரைச்சல் தொடங்கியதும் எழுந்து ஓடியவன் நான். இருண்ட திரை படத்தினுடையது இல்லை, வெளியே வந்த வாசலினுடையது. அதையே பெரிய முடிவாக்கி மூன்று வருடம் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மி. வரிசைக்கு நடுவே குனிந்து கடலைத் தோல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

23 அக்டோபர், திங்கள்

ஒரு படம் சொல்லித்தான் ஒருவன் எழுந்திருக்க வேண்டுமா? கேவலம். இருந்தாலும்.

அம்மாவிடம் சொன்னேன். மாலை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மோகாவில் ஒரு பெண், கூட வேலை பார்க்கிறவள், குடும்பம் ஆஸ்திரேலியா போகிறது என்று ஆரம்பித்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. முழுவதும் சொல்லி முடித்தேன். உரித்த தோலைக் கூட்டி ஒதுக்கினாள்.

"நீயும் போறேன்னு சொல்ல வர்றியோன்னு நெனச்சேன்."

இல்லை, அவளை இருக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன் என்றேன்.

கத்தியை எடுத்தாள். இரண்டு வெங்காயம். பிறகு சர்ச்சா என்று கேட்டாள். ஆமாம். இன்னொரு வெங்காயம். மாமாக்கள் இந்த வாசலை மிதிக்க மாட்டார்கள் என்றாள். தெரியும் என்றேன்.

"அவ வீட்டாளுங்க எல்லாம் கப்பல் ஏறிட்டா, அந்தப் பொண்ணுக்கு இங்க யாரு இருக்கா?"

கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சாப்பாட்டுத் தட்டை டங்கென்று வைத்தாள். கறியில் உப்பு அதிகம்.

24 அக்டோபர், செவ்வாய்

மி. பள்ளிக்கு வரவில்லை. வீட்டில் சாமான் கட்டுகிறார்கள் என்றான் பிஸ்னு. இந்த ஞாயிறு வண்டுதானே என்று மூன்று முறை கேட்டான்.

அம்மா காலையில், வாசலைப் பார்த்தபடி: விரதம் முடிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கோழி. அந்தப் பெண் காரம் சாப்பிடுமா?

25 அக்டோபர், புதன்

மழை நின்றது. பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். முதல் தடவை. மர வீடு, தகரக் கூரை, வராந்தாவில் பாதி கட்டிய பெட்டிகள். தட்ட வேண்டிய கதவு திறந்தே கிடந்தது. தூணைத் தட்டினேன்.

அவள் அப்பா வந்தார். பனியன், கையில் பசைக் கிண்ணம். நான் பெயர் சொன்னேன். காதில் வாங்கினாரா தெரியவில்லை.

"வாங்க மிஸ்யே, வாங்க. நேத்தே வந்திருந்தா இன்னும் நெறைய இருந்தது."

மிஸ்யே என்றால் ஐயா; சாமான் வாங்க வந்தவன் என்று நினைத்துவிட்டார். தினம் நாலு பேர் வருகிறார்கள் போலிருக்கிறது. விற்றவற்றின்மேல் வாங்கியவர் பெயரைத் துண்டுக் காகிதத்தில் ஒட்டியிருந்தார். சாப்பாட்டு மேசையில் ஒரு பெயர். தையல் மெஷினில் ஒரு பெயர். அந்த ஆறு கதவு பீரோவிலும். நான் வாயைத் திறக்கத் திறக்க அடுத்த அறை. இழுப்பறை ஒன்றை இழுத்து, மோந்து பார்க்கச் சொன்னார், பூச்சி வாசனையே இருக்காது. தனி ஆளா? கல்யாணம் ஆகப் போகிறதா? அப்படியென்றால் கட்டிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உள்கதவில் மி. கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. கட்டிலைச் சுற்றி வந்தேன். அழுத்திக்கூடப் பார்த்தேன்.

பிறகு சொன்னேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை.

"மிஸ்யே வீரப்பென், நான் எதையும் வாங்க வரலை. மிரேய் போக வேணாம்னு கேட்க வந்தேன். எங்க அம்மாவுக்குத் தெரியும்."

இழுப்பறை இன்னும் அவர் கையில். அதை உள்ளே தள்ளினார். மாட்டிக்கொண்டது. மறுபடி தள்ளினார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் என்னைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டார், இது உனக்குத் தெரியுமா என்று.

"இப்பத்தான் தெரியும்."

எனக்குக் காட்டிய கட்டிலின் ஓரத்தில் அவரே உட்கார்ந்தார். பசைக் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். கிழவராகத் தெரிந்தார். வியாழக்கிழமை டாக்டர் என்றார், யாருக்கோ ஞாபகப்படுத்துவதுபோல.

மி. என் பக்கம் வரவில்லை. நேரே தையல் மெஷினிடம் போய் அதிலிருந்த பெயரைப் பிய்த்தாள். பாதிதான் வந்தது. மீதியை நகத்தால் சுரண்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"நாளைக்கு நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க, பப்பா."