யாரும் கேட்காத நாலாவது வரி

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அங்கே நீ, உன் வீட்டுக்காரர், குட்டி மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கையில் ஃபோன் இருக்கும்போது இவள் எதற்குத் தாளும் பேனாவுமாகக் கிளம்பிவிட்டாள் என்று யோசிப்பாய். நான் எப்போது கூப்பிட்டாலும் உன் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார். "இப்பதான் குளிக்கப் போனா" என்கிறார். காலையில் கேட்டாலும் குளியல், சாயங்காலம் கேட்டாலும் குளியல். பாவம், அந்த மனுஷனுக்கு வேறு பொய் சொல்ல வரவில்லை. கழுத்தில் ஆபரேஷன் ஆனதிலிருந்து உன் குரலை யாரும் கேட்கக் கூடாது என்று நீ முடிவு கட்டிவிட்டாய். சரி, கடிதத்துக்குக் குரல் தேவையில்லை. படி.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது மூலைமுடுக்கில் இருக்கிற தூசியெல்லாம் தெரிகிறதாம். "இத்தனை நாளா இந்தக் குப்பைக்குள்ளயா இருந்தேன்?" என்று என் உயிரை வாங்குகிறார். உன் அத்தான் துடைப்பத்தைக் கண்டாலே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுகிறார். கேட்டால் தீப்பெட்டி வாங்கப் போனாராம். வீட்டில் இப்போது தீப்பெட்டிக்குப் பஞ்சமே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் சீரியல் முடியப்போகிறது. நீ பாடினாய், நான் எடிட்டிங்கில் வெட்டினேன். இத்தனை வருஷமும் அப்படியே ஓடிவிட்டது. உன் தாலாட்டை எந்தக் காட்சியில் எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதுதான் என் பிழைப்பு. அந்தப் பிழைப்பு எப்படி ஆரம்பித்தது என்று நினைவிருக்கிறதா? பாட்டெழுதியவர் மூன்று வரியைக் கொடுத்துவிட்டு, நாலாவதை நாளைக்குத் தருகிறேன் என்று போனார்.

விளக்கை அணைக்கிறேன், விழித்திருக்காதே;
வெளியே மழை வந்தால் நனைந்திருக்காதே;
வெகுநேரம் ஆனாலும் தயங்கி நிற்காதே...

அவ்வளவுதான். மறுநாள் ஒளிபரப்பு, ஆள் ஃபோனை எடுக்கவில்லை. நான்தான் மூன்றாவது வரி முடிகிற இடத்தில் காலிங்பெல் சத்தத்தைப் போட்டு ஒப்பேற்றினேன். சீரியல் அம்மா பாதிப் பாட்டில் எழுந்து கதவைத் திறக்கப் போனாள். அவசரத்துக்குச் செய்த ஒட்டுவேலை, ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு நாலாவது வரியை நாங்கள் வேண்டுமென்றே தரவில்லை. ஒரு தடவை குக்கர் விசில் குறுக்கே வந்தது. ஒரு தடவை கரண்ட் போனது. வில்லன் சித்தப்பா வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, லிஃப்டில் இதே பாட்டை விசிலடித்தபடி ஏறினானே, அவன் மூன்றாவது வரியை முடித்ததும் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. அந்த நடிகரைக் காய்கறிக் கடையில் ஒரு அம்மா பையாலேயே அடித்துவிட்டார். அவர் சந்தோஷமாக வந்து சொன்னார்.

போன வாரம் பல் டாக்டரிடம் போனேன். நான் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறேன், அவர் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டே, "அந்த நாலாவது வரி என்னங்க?" என்கிறார். நான் எப்படிச் சொல்வது? சொல்கிற மாதிரி இருந்தாலும் சொல்ல மாட்டேன் என்பது வேறு.

கடைசி எபிசோடில் அந்த வரி வருகிறது. வீட்டை விட்டுப் போன மகள் பல வருஷம் கழித்து வாசலில் வந்து தயங்கி நிற்கிறாள். அவள் மனதில் அந்த மூன்று வரியும் ஓடுகின்றன, உன் பழைய குரலில். உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கிற அம்மா ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துவிடுகிறாள். எழுந்து ஓடவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மடித்துக்கொண்டே நாலாவது வரியைப் பாடுகிறாள். இதுதான் காட்சி. எனக்குச் சொல்லும்போதே டைரக்டர் அழுதுவிட்டார். அவர் எதற்கும் அழுவார், அதை விடு.

தயாரிப்பாளர், பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய ஒரு பெண்ணை அழைத்து வந்தார். வந்து பாடினாள். குறையே சொல்ல முடியாது, தேன்தான். ஆனால் நம் சீரியல் அம்மா ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, "இது என் வாயில நிக்க மாட்டேங்குதும்மா, யாரோ வாடகைக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார். மியூசிக் டைரக்டருக்கும் நிம்மதியில்லை. அந்த வரியை மேலே ஏற்றிப் பார்த்தார், இன்னும் மேலே ஏற்றிப் பார்த்தார். ஏறினால் கைதட்டல் வருகிறது, அம்மா வரவில்லை.

அப்போதுதான் நான் ஒரு வேலை செய்தேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். கோபித்துக்கொள், ஆனால் இந்தப் பத்தியை முடித்துவிட்டுக் கோபித்துக்கொள். குட்டி சைக்கிள் ஓட்டப் பழகும் வீடியோவை உன் வீட்டுக்காரர் அனுப்பியிருந்தார் அல்லவா? குட்டி ஹாலில் நாற்காலிமீது போய் மோதுகிறாள், அவர் சிரிக்கிறார். இரண்டு பேருக்கும் பின்னால், சமையலறையில் நீ அலமாரியைத் துடைத்துக்கொண்டு இந்தப் பாட்டை முணுமுணுக்கிறாய். மூன்றாவது வரி முடிந்த பிறகும் நீ நிறுத்தவில்லை, வாலு. நாலாவது வரிக்கு உன் பாட்டுக்கு ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு போகிறாய். மேலே ஏறவில்லை. கீழே இறங்குகிறாய், படிப்படியாக, கரகரவென்று.

அதை மட்டும் தனியாக எடுத்து மியூசிக் டைரக்டருக்குப் போட்டுக் காட்டினேன். யார் என்று சொல்லவில்லை. "இறங்குறாங்களே!" என்று நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மறுபடி போடச் சொன்னார். டைரக்டர் அழ மறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சீரியல் அம்மா, "இது நான்தான். எங்க பிடிச்ச?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆகவே வா. நீ தங்கும் அறை அப்படியே இருக்கிறது. தூசியை அப்பா பார்த்துக்கொள்வார். நாலாவது வரி என்ன என்று இதில் எழுத மாட்டேன், வந்தால் தெரியும்.

இப்படிக்கு,
உன் அக்கா

*

அன்புள்ள வாலுக்கு,

உன் பதில் கிடைத்தது. பதில் என்றா சொல்வது? ஒரே வரி. "என் தொண்டையை விட்டுடு அக்கா" என்று எழுதி, கீழே தேதி போட்டிருக்கிறாய். தேதிக்குக் கொடுத்த இடத்தில் பாதியாவது எனக்குக் கொடுத்திருக்கலாம்.

உன் வீட்டுக்காரரை நான் விடவில்லை. ஃபோனில் பிடித்து வைத்து, குளியல் கதையெல்லாம் வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். கடையில் யாரோ உன் பேச்சைக் கேட்டு, "சளியா சார்?" என்று திரும்பிப் பார்க்காமலே, ஆம்பளை என்று நினைத்து, கேட்டார்களாம். அதிலிருந்து நீ கடைக்கே போவதில்லையாம். குட்டியின் பள்ளிக்கூடத்துக்கும் அவரே போகிறாராம். பாட்டைப் போட்டால் பழைய குரலோடு ஒப்பிட்டு ஊரே பாவம் பார்க்கும் என்கிறாயாம். அக்காவும் பாவம் பார்த்துத்தான் கூப்பிடுகிறாள் என்றாயாம்.

எனக்கு வந்ததே கோபம்! பாவம் பார்க்கிற ஆளா நான்? கல்யாணக் காட்சியில் நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்த இழுவையை, உனக்கே மிகவும் பிடித்ததை, வெட்டித் தூக்கி எறிந்தது யார்? நீ என்னோடு பேசாமல் திரிந்தாய், நான் அப்போதும் அதைத் திரும்ப ஒட்டவில்லை. நன்றாக இருந்தது, ஆனால் காட்சிக்கு வேண்டாததாக இருந்தது. உன் குரல் முழுசாக இருந்தபோதே தயவு தாட்சண்யம் பார்க்காதவள், இப்போது எதற்குப் பார்க்கப் போகிறேன்? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவள் வேண்டும் என்கிறேன். நம்பு.

ஒப்பிடுவார்கள், ஆமாம். ஒப்பிடத்தானே வேண்டும்? மூன்று வரி அன்றைய குரலில் வருகிறது, நாலாவது இன்றைய குரலில் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் அந்த அம்மா எத்தனை நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பது கேட்கிறவர்களுக்குத் தானாகப் புரியும். வேறு யார் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அது வேறு ஒரு பொம்பளை. ஒரே ஆளுடைய இரண்டு குரல் எனக்கு வேண்டும். அது இந்த உலகத்தில் உன் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நீ அலமாரி துடைத்துக்கொண்டிருக்கிறாய்.

காட்சியை எடுத்துவிட்டோம். சீரியல் அம்மாவுக்கு வாயசைக்கக் குரல் வேண்டுமே, உன் முணுமுணுப்பில் வார்த்தை இல்லையே. கடைசியில் நான்தான் பக்கத்தில் நின்று பாடினேன். ஆமாம், நான். சிரித்து முடித்தாயா? கேமராமேன் தோள் குலுங்கி முதல் டேக் போச்சு. வில்லன் சித்தப்பா, "இதுக்கு நானே விசில் அடிச்சிருப்பேனே" என்றார். இரண்டாவது டேக்கில் அந்த அம்மா என்னைக் காதிலேயே வாங்கவில்லை. உன் மெட்டில், உன் மூச்சுக்கு, ஒரு சட்டையை மடித்துக்கொண்டே வாயசைத்தார். பிறகு நான் என் குரலை எடுத்துவிட்டேன். இப்போது அந்த இடத்தில் உதடு அசைகிறது, சத்தம் இல்லை. நான் வெட்டுகிற மேஜையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் அந்த இடத்தில் நீயே இருக்கிற மாதிரி தோன்றுகிறது எனக்கு.

அந்தத் துண்டை உன் வீட்டுக்காரர் ஃபோனுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை பார். கதவைச் சாத்திக்கொண்டு பார், யாரையும் கூப்பிடாதே. அந்த உதடு அசையும்போது உன் வாய் சும்மா இருந்தால், நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு.

வெள்ளிக்கிழமை ஒளிபரப்பு. வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் தருகிறேன் என்று தயாரிப்பாளர் ஒத்துக்கொண்டார். அதற்குள் நீ வராவிட்டால் அந்தப் பரிசு வாங்கிய பெண்ணின் குரல் போகும். மோசமாக இருக்காது, உள்ளதைச் சொல்கிறேன். ஜனங்கள் அழுவார்கள், விளம்பரம் வரும், எல்லோரும் வீட்டுக்குப் போவோம். பல் டாக்டருக்கும் பதில் கிடைத்துவிடும். எனக்கு மட்டும்தான் ஆறாது.

நீ கூச்சப்படுவாய் என்று தெரியும். ரெக்கார்டிங் அறையில் மியூசிக் டைரக்டரும் நானும் மட்டும்தான். அழுகிற டைரக்டரை வெளியே நிறுத்திவிடுகிறேன். முதல் தடவை உடைந்து போனால் இரண்டாவது, அதுவும் உடைந்தால் டீ குடித்துவிட்டு மூன்றாவது. சரியாக வராவிட்டால், "வரலை வாலு" என்று உன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அந்த உத்தரவாதத்தை உனக்கு வேறு யார் தருவார்கள்?

சரி, பந்தாவை விட்டுவிட்டு நாலாவது வரியைச் சொல்கிறேன். பாட்டெழுதியவர் ஒருவழியாக வந்து சொன்னார். இதுதான்:

தாழ்ப்பாள் போடவில்லை, தள்ளினால் திறக்கும்.

அவர் சொல்லி முடித்ததும், எனக்கு ஏதோ அவசர வேலை இருக்கிற மாதிரி வெளியே போய்விட்டேன். படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தேன். சளியா என்று கேட்டார்கள். ஆமாம், சளி என்றேன்.

நீ நன்றாக இரு. உன் தொண்டைக்கு இனி ஒரு குறையும் வர வேண்டாம். வியாழக்கிழமை காலையிலிருந்து நான் அந்த அறையில்தான் இருப்பேன். கனமான கதவு, உனக்குத் தெரியும், தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். பாட மனசு வராவிட்டாலும் பரவாயில்லை. உள்ளே வந்து, "அக்கா" என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் அக்கா