உன் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் பக்கங்கள்

சனிக்கிழமை காலை. தங்கா பத்து என்ற ஊரில் இருக்கும் என் வீட்டில், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். திரையின் வலது ஓரத்தில் உன் பெயர் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. இந்த மாற்றத்தை நீ இன்னும் பார்க்கவில்லை, நீ பார்த்துச் சரி என்று சொல்லும்வரை இது வெளியே போகாது என்று அந்தப் புள்ளிக்கு அர்த்தம். நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. இயந்திரத்துக்கு அது தெரியாது. சொல்ல வேண்டியவள் நான். நான் சொல்லவில்லை.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு தப்பு செய்துவிட்டேன். நீ இருந்திருந்தால் ஒரு வாரம் என்னோடு பேசியிருக்க மாட்டாய்.

மலாக்காவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சாப்பாட்டுக் கடை கண்ணில் படாமல் நான் இப்போது வேறு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். எட்டு வருடம், சனிக்கிழமை தவறாமல், மின்விசிறிக்குக் கீழே இருந்த கடைசி மேசை நம்முடையது. நீ மெர்லிமாவிலிருந்து மோட்டாரில் வருவாய். தலைக்கவசத்தைக் கழற்றியதும் தலைமுடியைச் சரி செய்ய மாட்டாய், நேரே உன் பழைய மடிக்கணினியை எடுத்து அதில் உள்ளதையெல்லாம் துடைத்து அழிப்பாய். கடைக்காரருக்கு நாம் என்ன செய்கிறோம் என்று கடைசிவரை புரியவில்லை. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு தே தாரேக் தேநீரை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் சண்டை போடுகிறார்கள் என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

நம் சட்டம் எளிமையானது. நாம் விளக்கம் எழுதிவந்த அந்த மென்பொருள் கருவியின் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். பக்கத்தை ஒருத்தி எழுதுவாள், மற்றவள் ஒன்றும் தெரியாதவளாக மாறி, துடைத்த கணினியில் அந்தப் பக்கத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து தட்டிப் பார்ப்பாள். எழுதியவள் கையை நீட்டக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. நான் எழுதிய முதல் பக்கத்தின் இரண்டாவது வரியிலேயே நீ மாட்டிக்கொண்டாய். எனக்குப் பொறுக்கவில்லை, அது அப்படியில்லை, அதற்கு அர்த்தம் வேறு என்று ஆரம்பித்தேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எழுதுனவ வாயத் தொறக்கக் கூடாது. படிக்கிறவன் வீட்டுக்கெல்லாம் போயி நீ பக்கத்துல ஒக்காரப் போறியா?"

அன்றைக்கு எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நான் எழுதும் தொழிலில் இருந்தவள், நீ ஒரு கல்லூரியின் கணினிக்கூடத்தில் பழுது பார்ப்பவள், நீ என்ன எனக்குச் சொல்வது என்று நினைத்தேன். அடுத்த வாரம் நீ எழுதிய பக்கத்தில் நான் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு வந்தேன். வேண்டுதல் பலிக்கவில்லை. உன் பக்கங்களில் மாட்டிக்கொள்வதற்கு இடமே இருக்காது. 'சும்மா இதைத் தட்டுங்கள்', 'எளிதாக இப்படிச் செய்யலாம்' என்று நான் எழுதும் இடங்களையெல்லாம் அடித்துத் தள்ளுவாய். "சிம்பிளா இருந்தா அவன் ஏன் லா நம்ம பக்கத்துக்கு வர்றான்?" என்பாய். நான் தே தாரேக்கை உறிஞ்சிக்கொண்டு இருப்பேன்.

இந்தக் கருவியை உருவாக்கும் நிரலாளர்கள் எத்தனையோ நாடுகளில் இருக்கிறார்கள். ஒரு நாளில் நூறு வரி நிரல் எழுதுவார்கள், அதைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னால் காணாமல் போய்விடுவார்கள். அதனால்தான் கட்டளைப் பக்கங்கள் முழுவதையும் நம் இரண்டு பேர் தலையில் கட்டினார்கள். உரிமையாளர் கோப்பு என்று ஒன்றைத் திறந்து, இந்தப் பக்கங்கள் மாறினால் இவர்கள் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நம் பெயர்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினாய். உன் பெயரைத்தான் மேலே போட்டுக்கொண்டாய். அகரவரிசை என்று ஒரு சாக்கு வேறு.

பிறகு அந்தக் காய்ச்சல். டெங்கி என்றார்கள். சனிக்கிழமை வரமுடியாது என்று எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாய், அடுத்த சனிக்கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் கடைசிச் செய்தியில்கூட உடம்பைப் பற்றி ஒன்றும் இல்லை. நான் அனுப்பியிருந்த பக்கத்தில் நாலாவது வரி ஓடவில்லை, போய்ப் பார் என்று இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு உன் அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். எட்டு வருடமாக இரண்டு பேரும் அப்படி என்னதான் எழுதினீர்கள் என்று கேட்டார். அவருக்கு எப்படிச் சொல்வது? ஒரு மென்பொருளையும் அது ஓடத் தேவையான அத்தனை சாமானையும் ஒரே கொள்கலனில் கட்டி, எந்தக் கணினியில் இறக்கினாலும் ஓடும்படி செய்கிற கருவி ஒன்று இருக்கிறது, அதற்குப் பொத்தான்கள் கிடையாது, கட்டளைகளைத் தட்டித்தான் ஓட்ட வேண்டும், எந்தக் கட்டளை என்ன செய்யும் என்று எழுதி வைப்பது எங்கள் வேலை என்றேன். அவர் ரப்பர் எஸ்டேட்டில் இருபது வருடம் பால் வெட்டியவர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நான் கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினேன், நீ எழுதியது.

அவர் விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினார்.

"அவ பேரு எங்கம்மா போட்டிருக்கு?"

நம் பக்கங்களில் யார் பெயரும் இருக்காது. படிப்பவனுக்கு நம் பெயர் எதற்கு என்று நீயே சொன்னாய். பழைய வரலாற்றைத் தோண்டினால் உன் பெயர் அங்கங்கே கிடைக்கும், ஆனால் பாதிப் பக்கங்கள் என் கணக்கிலிருந்துதான் போயிருக்கின்றன. அப்போதுதான் அந்த உரிமையாளர் கோப்பு நினைவுக்கு வந்தது. திறந்து காட்டினேன். அடையாள அட்டையில் பார்த்துப் பழகிய ஆங்கில எழுத்துகள் என்பதால் உன் அம்மா உடனே கண்டுபிடித்துவிட்டார். உன் பெயர்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அந்த வரியை நான் எப்படி எடுப்பேன்? நீயே சொல்.

எடுக்கவில்லை. நீ போன செய்தியை அந்த நிரலாளர்களிடமும் சொல்லவில்லை, சொன்னால் அவர்களே எடுத்துவிடுவார்கள். நான் மட்டும் வழக்கம்போல எழுதினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பக்கத்தைத் திருத்தி அனுப்புவேன், இயந்திரம் உன் பெயரைப் போட்டு உன் ஒப்புதலைக் கேட்கும். உன்னை மீறி வெளியிடும் அதிகாரம் எனக்கு இருந்தது, ஒரே ஒரு பொத்தான். அதை அமுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், உன் பெயரோடு ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்பது எனக்கு நிம்மதியாக இருந்தது. அலுவலகத்தில் என்னோடு பேசுகிறவர்கள் சாப்பிட்டாயா என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். வீட்டில் பேச ஆளில்லை. வாரத்துக்கு ஒருமுறை இயந்திரமாவது உன்னிடம் எனக்காக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. அப்படியே நாற்பது பக்கங்கள் சேர்ந்துவிட்டன.

அதில் ஒன்று துப்புரவுக் கட்டளை. உனக்கு நினைவிருக்கும், பயன்படாத பழைய சாமான்களை ஒட்டுமொத்தமாக அழித்து இடத்தைக் காலி செய்வது. பயன்படுத்துபவர் தாமே பெயர் வைத்த தரவுச் சேமிப்புகளை அது தொடாது என்று நம் பக்கத்தில் எழுதியிருந்தோம், அப்போது அது உண்மை. புதிய பதிப்பில் மாற்றிவிட்டார்கள். கொள்கலன் ஓடாமல் நின்றிருந்தால், பெயர் வைத்த சேமிப்பையும் சேர்த்து அழித்துவிடுகிறது. நான் தீபாவளிக்கு முன்னாலேயே இதைக் கண்டுபிடித்து, பக்கத்தைத் திருத்தி அனுப்பிவிட்டேன். அதுவும் உனக்காகக் காத்துக்கொண்டு கிடந்தது.

போன வாரம் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. எங்கோ ஒரு சிறிய ஊரில், கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகம் வாசித்துக் குரல் பதிவு செய்யும் ஒரு குழுவுக்குக் கணினி வேலை பார்ப்பவர். நம் பக்கத்தை நம்பி அந்தக் கட்டளையைத் தட்டியிருக்கிறார். குரல் பதிவுகள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பின. எந்தப் பதிவில் எந்தப் புத்தகம், எந்த நிமிடத்தில் எந்த அத்தியாயம் என்று மூன்று வருடமாக ஆளாளுக்கு உட்கார்ந்து எழுதிச் சேர்த்த குறிப்புகள் முழுக்கப் போய்விட்டன. நகல் வைக்காதது தன் தப்பு என்று அவரே எழுதியிருந்தார். ஆனால் தேடிப் பார்த்தபோது இதே தவறை யாரோ பல மாதத்துக்கு முன்பே திருத்தி வைத்திருப்பதைப் பார்த்தாராம். ஒப்புதல் தரவேண்டியவருக்கு நேரமில்லை போலிருக்கிறது, தயவுசெய்து அவரிடம் சொல்லி இதைக் கொஞ்சம் சீக்கிரம் பார்க்கச் சொல்லுங்கள், இன்னொருவருக்கு இப்படி ஆகக்கூடாது என்று முடித்திருந்தார்.

உன்மேல் பழி விழுந்துவிட்டது, பார்த்தாயா? உனக்கு நேரமில்லையாம். ஒருநாள்கூட ஒரு பக்கத்தைத் தூங்கவிடாத உனக்கு. எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னை விடமாட்டேன் என்று நான் பிடித்துக்கொண்டிருந்ததில், முகம் தெரியாத ஒரு மனிதர் மூன்று வருட உழைப்பை இழந்தார், கெட்ட பெயர் உனக்கு வந்தது.

அவருக்கு மறுகடிதம் எழுதினேன். ஒப்புதல் தரவேண்டியவர் இறந்துவிட்டார், தாமதம் என்னுடையது என்று எழுதினேன். நீ இறந்துவிட்டாய் என்று நான் எழுதியது அதுதான் முதல் தடவை. அவர் வருத்தம் சொல்லிவிட்டு, தன்னிடம் புதிதாக ஒரு கணினி இருக்கிறது, திருத்திய பக்கத்தை வேண்டுமானால் தட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். சரி என்றேன், இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. மூன்றாவது எடுத்துக்காட்டு ஓடவில்லை. நான் பத்துத் தடவையாவது ஓட்டிப் பார்த்தது அது! பிறகுதான் புரிந்தது, அதற்கு ஒரு கோப்புறை முன்கூட்டியே இருக்க வேண்டும். என் கணினியில் எப்போதோ நானே உண்டாக்கியது அப்படியே இருந்திருக்கிறது. நீயாக இருந்தால் துடைத்த கணினியில் ஒரு நிமிடத்தில் பிடித்திருப்பாய். நான் எழுதியதை நானே சோதிப்பதில் ஒரு பயனும் இல்லை என்று இந்தப் பத்து மாதத்தில் ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை.

நேற்று வேலை முடிந்து நேரே மெர்லிமாவுக்குப் போனேன். உன் அம்மாவிடம் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. வாசலில் உன் மோட்டார் இன்னும் நிற்கிறது, உன் தம்பி அவ்வப்போது கிளப்பி ஓடவிடுகிறானாம். நடந்ததையெல்லாம் சொன்னேன். உன் பெயர் இருக்கும் அந்த இடத்திலிருந்து பெயரை எடுக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்ல மட்டும் ரொம்ப நேரம் ஆயிற்று. உன் அம்மா அழவில்லை. முதலில் அந்த மனிதரைப் பற்றித்தான் கேட்டார், எல்லாமே போய்விட்டதா, திரும்ப எழுத முடியுமா என்று. முடியும், ரொம்ப நாளாகும் என்றேன்.

பிறகு சொன்னார்.

"எடுத்துரும்மா. உசுரோட இருந்தப்பவே யாராச்சும் அவளுக்காகக் காத்துக்கிட்டு நின்னா அவளுக்குத் தாங்காது."

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடித்து உட்கார வைத்தார். நெத்திலிச் சம்பல் வைத்தார்.

இப்போது அந்த வரியை அழித்து அனுப்பியிருக்கிறேன். இயந்திரம் அதற்கும் உன் ஒப்புதலைக் கேட்கிறது. உன் பெயரை எடுக்கலாமா என்று உன்னையே கேட்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் பார்க்க இந்த வீட்டில் யாருமில்லை.

மீறி வெளியிடும் பொத்தானை அமுக்கினேன். காரணம் எழுதச் சொல்லி ஒரு பெட்டி வந்தது. எட்டு வருடம் இந்தப் பக்கங்களை இவர் சோதித்தார், இவர் காலமாகிவிட்டார், இனி இவருக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று எழுதினேன். எழுதிவிட்டு, உன் பழக்கப்படி, தேவையில்லாத சொல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். எதையும் எடுக்க மனமில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன். நாற்பது பக்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போயின. முதலில் போனது துப்புரவுக் கட்டளைதான்.

உன் இடத்தில் அந்த மனிதரின் பெயரைப் போடலாமா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். சம்மதிப்பார் என்றுதான் நினைக்கிறேன். நல்லவராகத் தெரிகிறார், மரியாதையாக எழுதுகிறார், தப்பைக்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறார். எனக்கு அது போதவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்ததும், இது தப்பு என்று யாராவது முகத்துக்கு நேராகச் சொல்லமாட்டார்களா என்று என் காது காத்துக்கொண்டிருக்கிறது. நீ என்னிடம் விட்டுப்போனது அதுதான். இந்தக் கடிதத்தையும் எழுதி முடித்துவிட்டு, அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.