மழையில் அழுகாத கஞ்சா இனத்தை எரிக்கச் சொல்லும் உத்தரவு குறித்து

அனுப்புநர்:
க்ளெண்டா மொஃபட்,
உரிமம் பெற்ற விவசாயி,
டல்லாரா ஓடைச் சாலை,
வடக்கு நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்:
பயிர் உரிம அதிகாரி அவர்கள்.

பொருள்: பட்டியலில் இல்லாத கஞ்சா இனத்தை எரிக்கும் உத்தரவை நிறுத்தி வைக்கவும், வயலை உடனே நேரில் பார்வையிடவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் 12 மார்ச் தேதியிட்ட உத்தரவு. 2. எனது முந்தைய கடிதங்கள் ஏழு (பதில் வந்தது ஒன்றுக்கு).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது எட்டாவது கடிதம். முந்தைய ஏழிலும் கொஞ்சம் கோபம் இருந்தது. இதில் களைப்புதான் மிச்சம்.

1. எண்ணெய் விதைக்காகவும் நாருக்காகவும் போதையற்ற கஞ்சா பயிரிட நான்கு ஆண்டுகளுக்கு முன் உரிமம் பெற்றேன். தங்கள் பட்டியலில் உள்ள பதினோரு இனங்களும் பூமியின் வடபாதியில், குளிர்நாடுகளில் உருவானவை. விதைப் பையின் மேல் இருந்ததை அப்படியே எடுத்து, விதைக்கும் மாதம் மே என்று உரிமத்திலும் அச்சடித்திருக்கிறார்கள். ஐயா, மே மாதம் இங்கே குளிர் தொடங்குகிறது. உரிமம் போய்விடுமே என்று பயந்து, தெரிந்தே மே மாதத்தில் விதைத்தேன். பகல் பொழுது குறைவாக இருந்ததால் செடிகள் முழங்கால் உயரத்திலேயே பூத்துவிட்டன. பக்கத்துப் பண்ணை நெவ் வேலியோரம் நின்று, "என்ன க்ளெண்டா, கொத்தமல்லியா போட்டிருக்க?" என்றார். ஆகஸ்டுக்குள் சிறு கங்காருக்களான வாலபிகள் எல்லாவற்றையும் தின்று தீர்த்தன.

2. மறு ஆண்டு நவம்பரில் விதைக்க அனுமதித்தீர்கள். பதில் வந்த அந்த ஒரு கடிதத்துக்கு நன்றி. செடிகள் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தன. பூங்கொத்துகள் மூடிய கைமுட்டி போல இறுகியிருந்தன. வறண்ட நாட்டில் அது நல்ல குணம்தான். இங்கே மார்ச் மழை மூன்று வாரம் விடாது. இறுகிய பூவுக்குள் போன ஈரம் வெளியே வராது. சாம்பல் பூஞ்சணம் பிடித்து, தொட்டால் கையிலேயே உதிர்ந்தது. அழவும் தோன்றவில்லை எனக்கு.

அந்த வயலில் இருபத்துமூன்று செடிகள் மட்டும் அழுகவில்லை. இலை ஒல்லி, பூ தளர்வு, காற்று புகுந்து போக இடம் இருந்தது. பூப்பதும் தாமதம். அவற்றின் விதையை எடுத்து மூன்றாம் ஆண்டு தனியாக விதைத்தேன். அந்த மழையிலும் ஒன்றுகூட அழுகவில்லை. போதைச் சத்து வரம்புக்குள் இருப்பதற்கான இரண்டு ஆய்வுச் சான்றுகளை இணைத்துள்ளேன்.

3. இந்த இனத்தைப் பட்டியலில் சேர்க்கக் கேட்டேன். மூன்று ஆண்டு சாகுபடிப் பதிவு வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். என் பதிவில் மூன்று ஆண்டும் "பயிர் இல்லை" என்றே இருக்கிறது. காரணம், தங்கள் படிவப்படி வயலாய்வு வடபாதியின் அறுவடை மாதமான செப்டம்பரில். அப்போது இங்கே வெறும் நிலம்தான் இருக்கும். ஆய்வாளர் திரு. வேட் ப்ரதரோ ஆண்டு தவறாமல் வந்து அந்த வெறும் நிலத்தைப் பார்க்கிறார். சென்ற முறை கெஞ்சியே கேட்டேன். "எனக்குப் புரியாமலா இருக்கு? படிவத்துல மாசத்த மாத்த எனக்கு அதிகாரம் இல்லீங்க. மார்ச்சுல வரணும்னா நான் லீவு போட்டுட்டுத்தான் வரணும்" என்றார். நல்ல மனிதர். டீ குடித்துவிட்டு, "பயிர் இல்லை" என்று எழுதிவிட்டுப் போனார்.

4. இப்போது இம்மாத இறுதிக்குள் எல்லாவற்றையும் எரிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். இல்லாத பயிரை எப்படி எரிப்பது என்று நெவ் கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஈரத்தில் டப்பாவில் வைத்த விதையும் பூசணம் பிடித்துவிடும் என்பதால், கையில் இருந்த விதை முழுவதையும் சென்ற நவம்பரிலேயே விதைத்துவிட்டேன். மே முதல் வாரத்துக்கு முன் புது விதை முற்றாது. அதற்குள் எரித்தால் இந்த இனமே போயிற்று. எனக்கு அறுபத்துமூன்று வயது. மறுபடி முதலிலிருந்து தேடத் தெம்பு இல்லை ஐயா.

ஆகவே, விதை முற்றும் வரை உத்தரவை நிறுத்தி வைத்து, ஆய்வாளரை இப்போதே ஒருமுறை அனுப்பி, வயலில் நிற்பதைப் பதிவு செய்ய ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அவர் லீவு போடாமல் வரும்படி செய்யுங்கள்.

கீழ்ப்படியாதவள் என்ற பெயர் வேண்டாமென்று நேற்றுக் காலை வயலோரம் தீ வைத்துப் பார்த்தேன். பதினோரு நாளாக இங்கே மழை. தீக்குச்சி மட்டும்தான் எரிந்தது. வியாழக்கிழமை மழை விடும் என்கிறார்கள். அதற்குள் யாரையாவது அனுப்புங்கள்.

தங்கள் உத்தரவுக்கு இன்னமும் கட்டுப்பட்ட,
க்ளெண்டா மொஃபட்
(ஒப்பம்)

இடம்: டல்லாரா ஓடை
நாள்: 25 மார்ச், திங்கள்