வாழ்த்துச் சொல்ல வந்தவர்

மெப்பல்,
14 அக்டோபர் 1994,
வெள்ளிக்கிழமை மதியம்.

அன்புள்ள ஃபென்னாவுக்கு,

வாழ்த்துகள் முதலில், நலம் விசாரிப்பது அப்புறம். பிறந்தநாளும் அதுவுமாக இப்படி லிஸ்பனில் போய்த் தனியாக உட்கார்ந்திருக்கிறாயே, சௌக்கியமா? ஐம்பத்திரண்டு வயது என்று யாராவது சொன்னால் நம்பாதே. பெரென்ட் தான் வேலை பார்க்கும் கூரை ஓட்டுக் கடையிலிருந்து இதை நீ தங்கியிருக்கும் விடுதிக்கு ஃபேக்ஸ் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு தாளுக்கு மேல் போனால் முதலாளி முறைப்பாராம். முப்பது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியும் என்னை இரண்டு தாளில் நிறுத்தப் பார்க்கிறார் இந்த மனுஷன்.

உன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். சமையலறை ஜன்னலில் இருக்கும் ஜெரேனியம் மட்டும் ஏனோ வாடிக்கிடக்கிறது. முன்னறைத் திரையைத் திறந்து வைத்திருக்கிறேன், கோபப்படாதே. பட்டப்பகலில் திரையை மூடி வைத்தால் சாவு விழுந்த வீடு என்றல்லவா நினைப்பார்கள்? நீ குடிவந்த நாளிலிருந்து தெருவே இதைத்தான் பேசுகிறது. எதை மறைக்கிறாள் என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நீ மறைப்பது ஒரே ஓர் ஆளிடமிருந்துதான் என்பது எனக்கும் பெரென்டுக்கும் மட்டும் தெரியும். அந்த ஆள் எம்மன் ஊரில் இருக்கிறான். மெப்பலில் நீ எந்தத் தெருவில் இருக்கிறாய் என்பது அவனுக்கு எப்படித் தெரியப்போகிறது?

நேற்று சாயங்காலம் நீ போனில் பேசியதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. நீயா அப்படிச் சிரித்தாய்! மஞ்சள் கதவு, மேட்டுத் தெரு, மாடிக் கடைசி அறையிலிருந்து தெரியும் ஆறு, தெருமுனைக் காபிக் கடையில் காலையில் உனக்கென்று அவர்கள் ஒதுக்கி வைக்கும் அந்தச் சின்ன மேசை என்று எல்லாவற்றையும் பெரென்டிடம் ஒப்பித்துவிட்டேன். பரிமாறுகிறவன் இன்னொருவர் வருகிறாரா என்று கேட்டதும் நீ நிமிர்ந்து உட்கார்ந்து, நான் ஒருத்திதான் என்று சொன்னதைக் கேட்டு எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தனியாகச் சாப்பிட்டுப் பழக வேண்டும் என்று ஸ்வோல்லே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கடைக்குப் போய், சூப்பை ஆறவிட்டுக்கொண்டு கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தவளல்லவா நீ?

பார்க்காமல் எப்படி இருப்பாய். ரொட்டி வாங்கப் போனால்கூட உன் பழைய வீட்டுக்காரன் ருலோஃப் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பானாம். ஒருமுறை அவனிடம் சொல்லாமல் அண்ணன் வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டாய். நீ இறங்குவதற்கு முன்பே அந்த நடைமேடையில் அவன் நின்றிருந்தான். விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்றும் சத்தம் போடாமல், நீ எங்கே போனாலும் உனக்கு முன்னால் நான் நிற்பேன் என்று சொன்னானாம். அதெல்லாம் போகட்டும். பிறந்தநாளும் அதுவுமாக அவன் பேச்சு எதற்கு?

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்தான். ஆனால் என் வாயில் எது தங்கியிருக்கிறது? உன் அண்ணன் வந்திருந்தார்!

காலையில் உன் வீட்டு மணி அடிப்பது சுவர் வழியாகக் கேட்டது. கொஞ்சம் பொறுத்து எங்கள் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு பெரிய மனிதர் நிற்கிறார். இஸ்திரி போட்ட காலர், ஒரு கையில் கேக் பெட்டி, மறு கையில் பூங்கொத்து. மிதியடியில் ஷூவைத் துடைத்தார், திரும்ப ஒருமுறை துடைத்தார். யார் என்று நான் கேட்பதற்குள் கையை நீட்டி, "உங்க பக்கத்து வீட்டு ஃபென்னாவுக்கு இன்னைக்குப் பிறந்தநாள். உங்களுக்கு என் வாழ்த்துகள்" என்றார். உள்ளே எட்டிப் பார்த்து பெரென்டுக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னார். பிறந்தநாள் வந்தால் அவர்கள் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் வாழ்த்த வேண்டும் என்பது இப்போது யாருக்கு நினைவிருக்கிறது? என் மருமகளே என் பிறந்தநாளுக்கு பெரென்டை வாழ்த்த மறந்துபோனாள். இப்படி முறை தெரிந்த ஒருவரை வாசலோடு திருப்பி அனுப்ப முடியுமா? "நீங்க ஃபென்னாவோட அண்ணன் ஹார்ம்தானே?" என்று நானே கேட்டேன். அவர் சிரித்தார்.

உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். பிஸ்கட் டப்பாவை இரண்டாம் முறையும் திறந்து நீட்டினேன் என்றால் பார்த்துக்கொள். எங்கள் வீட்டில் பாதிரியாருக்கே ஒரு பிஸ்கட்டுக்குமேல் கிடையாது என்று பெரென்ட் அப்புறம் என்னைக் கிண்டல் செய்தார். கேக்கில் உலர்திராட்சை போடச் சொல்லவில்லை, அவளுக்கு ஆகாது என்றார். உன் முழங்கால் தழும்பு எப்படி வந்தது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கிறது. கிழங்கு அறுவடை நேரத்தில் வயலை விட்டுவிட்டு தங்கைக்காக ஓடி வந்திருக்கிறாரே என்று எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. நீ ஊரில் இல்லை என்றதும் முகம் கொஞ்சம் வாடியது. அதற்குமேல் அவர் எதையும் கிளறவில்லை. நான் பேசப் பேசத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆற்றுக்காற்று சாயங்காலத்தில் குளிருமே, கனமான கோட்டு எடுத்துப் போனாளா என்று மட்டும் விசாரித்தார். பூ அனுப்ப வேண்டும், விடுதியின் பெயர் என்ன என்றார். சொன்னேன். "அவகிட்ட சொல்லிடாதீங்கம்மா. ஆச்சரியமா இருக்கட்டும்" என்றார்.

கொண்டுவந்த பூவை உன் வீட்டில் வைக்கலாமா என்று கேட்டார். சாவியை எடுத்துப் போய்த் திறந்துவிட்டேன். என்ன ஒழுங்கான மனிதர் தெரியுமா! பூவைத் தண்ணீரில் வைத்தார். அலமாரியைத் திறந்து, நீ தாறுமாறாக அடுக்கியிருந்த கோப்பைகளின் கைப்பிடி எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். கிளம்பும்போது சாவியை என்னிடமிருந்து வாங்கி அவரே பூட்டிக் கொடுத்தார். வெளியே போன பிறகும் அவருடைய கார் வெகுநேரம் எதிர்ச்சாரியில் நின்றது. உள்ளே ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தார். பாவம், தங்கையைப் பார்க்க முடியவில்லை என்று அழுகிறார்போல என்று பெரென்டிடம் சொன்னேன்.

பூ வந்தால் ஆச்சரியப்பட்டதுபோல் நடி. என்னைக் காட்டிக்கொடுக்காதே. நன்றாகச் சாப்பிடு, வெயிலில் தொப்பி போடு, தைரியமாக இரு. ஞாயிற்றுக்கிழமை நீ வந்து இறங்கும்போது சூப் சூடாக இருக்கும்.

என்றும் உன் பிரியமுள்ள பக்கத்து வீட்டுக்காரி,
ஹில்லி.


மெப்பல்,
அதே வெள்ளிக்கிழமை, மாலை.

அன்புள்ள ஃபென்னா,

மதியம் அனுப்பிய தாள்கள் உன் கைக்கு வந்தனவா என்று தெரியவில்லை. வந்திருந்தால் பாதி படித்தபோதே உனக்கு எல்லாம் விளங்கியிருக்கும். இந்த மடச்சிக்குத்தான் சாயங்காலம் வரை விளங்கவில்லை. காலையில் வந்தது உன் அண்ணன் இல்லை. ருலோஃப். உன் ஊர், விடுதி, அறை, நீ காலையில் போய் உட்காரும் கடை, எல்லாம் அவனுக்குத் தெரியும். சொன்னவள் நான்.

ஃபேக்ஸ் போன பிறகு, அண்ணனுக்கு வாழ்த்துச் சொன்னோம், அவர் மனைவிக்குச் சொல்லவில்லையே என்று தோன்றியது. உன் வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து அடித்தேன். ஒரு ஆண் குரல் எடுத்தது. நாத்தனார் பிறந்தநாளுக்கு உங்கள் வீட்டம்மாவுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள், கேக் மிக நன்றாயிருந்தது என்று சொல்லிக்கொண்டே போனேன். "எந்தக் கேக்கு? நான் விடிஞ்சதுலேருந்து வயல்லதாம்மா நின்னேன், இப்பத்தான் வீட்டுக்குள்ள வர்றேன்" என்றார். ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டார். காலரைச் சொன்னேன், ஷூவைச் சொன்னேன். கோப்பைகளைத் திருப்பி வைத்ததைச் சொன்னதும் மேலே கேட்கவில்லை. "அவன்தான்" என்றார். "அவ இருக்கிற இடத்தைச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். ஃபென்னா, அந்த மனிதர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் நாக்கை இழுத்துவைத்து அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

உடனே உன் விடுதிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண்மணிக்கு நம் மொழி தெரியாது, எனக்கு அவள் மொழி தெரியாது. எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் உளறினேன். நீ வெளியே போயிருக்கிறாய் என்பது புரிந்தது. அதற்குப் பிறகு அவள் சந்தோஷமாக நிறையச் சொன்னாள். அதில் எனக்குப் பிடிபட்டது மூன்று சொற்கள்தான். ஐயா, தொலைபேசி, நாளை. யாரோ ஓர் ஐயா போன் செய்து நாளை என்று சொல்லியிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? வேண்டாம், வேண்டாம் என்று கத்தினேன். அவள் பயந்துபோய் வைத்துவிட்டாள். அதன் பிறகு அடித்தால் எடுக்கவில்லை.

பெரென்ட் போலீசுக்குப் போய்வந்தார். பக்கத்து வீட்டுக்குக் கேக் கொண்டுவருவது குற்றமில்லையாம். வேறு நாட்டில் நடக்காத ஒன்றுக்கு இங்கே என்ன எழுதுவது என்று கேட்டார்களாம். ஹார்ம் லிஸ்பனில் இருக்கும் நம் தூதரகத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் இருப்பார்கள்? விமானத்தைக் கண்ணால்கூடக் கிட்டத்தில் பார்த்திராத மனிதர், கிழங்கை வயலிலேயே போட்டுவிட்டு ஸ்கிபோல் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கு நாளை மாலை விமானத்தில்தான் இடம் கிடைத்திருக்கிறது. ருலோஃப் எதில் ஏறினான், ஏறிவிட்டானா, யாருக்கும் தெரியாது. பெரென்ட் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போது இந்தத் தாளுக்காகக் கடையைத் திறக்க முதலாளி வீட்டுக்குப் போய்ச் சாவி வாங்கி வந்து, எழுதி முடி என்று வாசலில் நிற்கிறார்.

அதனால் நான் சொல்வதைக் கேள். இன்றே அந்த அறையைக் காலி செய். நாளைக் காலை அந்தக் காபிக் கடைப் பக்கம் தலைகாட்டாதே. ஹார்மை அந்த விடுதியில் நின்று எதிர்பார்க்காதே, வந்து இறங்கியதும் தூதரகத்தின் வாசலுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன், அது சனிக்கிழமை பூட்டியிருந்தாலும் வாசலில் காவல்காரர் இருப்பார். பூ வந்தால் வாங்காதே. கீழே யாரோ வந்திருக்கிறார் என்று அந்தப் பெண்மணி கூப்பிட்டால் இறங்காதே. ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்கும் போகாதே, நீ எதில் திரும்புகிறாய் என்பதையும் நான் சொல்லித் தொலைத்திருக்கிறேன். உன் வீட்டுக்கும் வராதே. சாவி வாங்கியபோது அவன் அதை எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தான் என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன், முடியவில்லை.

அதற்கு அப்புறம் எங்கே போய்த் தங்கலாம் என்று எனக்கு இரண்டு மூன்று யோசனை இருக்கிறது. எழுத மாட்டேன். இந்தத் தாள் அந்த விடுதி மேசையில் எவ்வளவு நேரம் கிடக்கும், யார் கண்ணில் படும், எனக்கு என்ன தெரியும்? நீயே முடிவு செய். இத்தனை வருஷம் உன்னை முடிவெடுக்க விடாதவனிடமிருந்து தப்பித்து, தனியாகப் பெட்டி கட்டி, தெரியாத ஊரில் தெரியாத மொழியில் மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள் நீ. உன்னால் முடியும். முடிய வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் ஃபென்னா. எங்கே போய்ச் சேர்ந்தாலும் எனக்குப் போன் செய்யாதே. எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒரு அட்டைகூடப் போடாதே. நான் எத்தனை கெஞ்சினாலும், உடம்பு சரியில்லை என்று யார் மூலமாகச் சொல்லி அனுப்பினாலும், சொல்லாதே. உன்னைக் காணாமல் அவன் இங்கேதான் திரும்பி வருவான். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஷூவைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்காருவான். அப்போது எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கக் கூடாது.

நீ எங்கேயோ நன்றாயிருக்கிறாய் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். எங்கே என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே, கண்ணே.

ஹில்லி.