வெள்ளையம்மா வீட்டு மாலை

ஜொகூர் பாரு, 12 ஜனவரி 1934

இன்றும் ஒருவர் மாலைக்குள் இலை எதற்கு, பூவைக் குறைத்துவிட்டாயா என்று கேட்டார். இந்த வெயிலில் இலை வைக்காமல் கட்டினால் தாலி ஏறுவதற்குள் பூ வாடிவிடும் என்று விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டினார். பிறகு, "சரிம்மா, இலைய எடுத்துட்டுக் கட்டுங்க" என்றார்.

18 ஜனவரி

வெள்ளையம்மா தன் மகன் ஜெயபாலன் கல்யாணத்துக்கு மாலை சொல்ல வந்தார். பெண்ணின் மாலை ஒல்லியாக இருக்க வேண்டுமாம். சிங்கப்பூரில் அப்படித்தானாம். பட்டும் அட்டிகையும் தெரிய வேண்டுமாம்.

அளவு எடுக்க வருங்கால மருமகள் சந்திரமதியை என்னிடம் விட்டுவிட்டு, பக்கத்து வளையல் கடைக்குப் போனார். மல்லிகைக் கூடையைத் திறந்ததும் அந்தப் பெண் கொல்லைப்புறம் ஓடி வாந்தி எடுத்தாள். கழுத்திலிருந்து நூல் பிடித்து வயிற்றுக்கு இறக்கியபோது எனக்கு மிச்சமும் விளங்கிவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்குத் தெரியும்க்கா. அத்தைக்குத் தெரிஞ்சா கல்யாணத்தையே நிறுத்திடுவாங்க."

கட்டுவது ஜெயபாலன், காப்பாற்றுவது நானா? நன்றாக இருக்கிறது.

23 ஜனவரி

மார்பில் ஒல்லி, கீழே நல்ல அகலம் என்று மாதிரிக்கு ஒரு மாலை கட்டிக் காட்டினேன். இது சாமிக்குப் போடுகிற மாலை என்கிறார் வெள்ளையம்மா. ஏன் இப்படி, ஏன் இப்படி என்று கேட்கிறார். ஏன் என்று நான் எந்த வாயால் சொல்வது? புது மோஸ்தர் என்றேன். எனக்குத் தெரியாத மோஸ்தரா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

24 ஜனவரி

மறுபடியும் வந்தார். ஒல்லி, ஒல்லி, ஒல்லி. தலை வலிக்கிறது.

4 பிப்ரவரி

என் இஷ்டப்படியே கட்டிக்கொண்டு போனேன். கல்யாண வீட்டில் மாலையைப் பார்த்ததும் வெள்ளையம்மாவுக்கு வந்ததே கோபம். மணப்பெண் அறைக்குள் என்னையும் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். கீழ்ப்பகுதியை வெட்டிவிடப் போகிறேன் என்று கத்திரிக்கோலை எடுத்தார். என்ன சொல்லித் தடுப்பேன்?

எங்கே வெட்டுவது என்று பார்க்க, மாலையைச் சந்திரமதியின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தார். வயிற்றருகே அவர் கை நின்றுவிட்டது. பெண் அழக்கூட இல்லை. வெள்ளையம்மா கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

"இன்னும் சரம் மிச்சம் இருக்கா? கீழ சேத்துக் கட்டுங்க" என்றார், என் முகத்தைப் பாராமலே.

20 பிப்ரவரி

வெள்ளையம்மா பசார் முழுக்கச் சொல்லித் திரிகிறாராம் – பூக்காரி என் பேச்சைக் கேட்கவில்லை, மாலையைக் குட்டிச்சுவராக்கிவிட்டாள் என்று. மாலை ஏன் இத்தனை அகலம் என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு அவரும் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? புரிகிறது. ஆனாலும் வயிறு எரிகிறது. அதற்கு என் பெயர்தானா கிடைத்தது? இந்த மாதம் இரண்டு கல்யாணம் வேறு கடைக்குப் போய்விட்டது.

22 ஆகஸ்ட்

மகள் கல்யாணத்துக்கு மாலை சொல்ல ராசம்மா வந்தார். வெள்ளையம்மா வீட்டு மாலை மாதிரி கட்டிவிடாதே, அதில் பெண்ணையே காணோம் என்றார். அப்படியே பேச்சு வளர்ந்தது. சந்திரமதிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம். குறைமாதமாம்.

"பாத்தா அப்படித் தெரியல. நல்லா கொழுகொழுன்னு இருக்கு. அன்னைக்கு அந்த மாலகூட…" என்று நிறுத்தி யோசித்தார்.

"அதுவா, அளவே எடுக்காம கட்டிட்டேன். என் தப்புதான்" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்றார் ராசம்மா. தன் மகளுக்கு ஒழுங்காக அளவெடுத்துக் கட்டச் சொல்லிவிட்டுப் போனார்.